பூல்மாயாவை அழைத்து வந்தவள்

ராணியம்மாள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆடப் போனாலும் சில விஷயங்களில் கறாராக இருப்பாள். பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட மாட்டாள். மிட்டாய் கொடுக்க மாட்டாள். ஆட்டம் முடிந்து வேனில் சாமான் ஏற்றும்போது பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தால், அதுவரை சிரிக்க வைத்த முகம் சட்டென்று மாறிவிடும்.

"போ, கிளாசுக்குப் போ. ஆட்டம் காட்டுனா பின்னாலயே வந்துருவியா? யார் பின்னாலயும் போவக் கூடாது" என்று விரட்டுவாள்.

மூக்கில் சிவப்பு உருண்டையை ஒட்டிக்கொண்டு ஒருத்தி அதட்டினால் பிள்ளைகளுக்கு அதுவும் வேடிக்கைதான். இன்னும் சிரிக்கும்.

ஐப்பசி மாதம் கரியாலூருக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் ஆட்டம். மரவள்ளிக் காட்டு வேலைக்கும் கடுக்காய் பொறுக்கவும் போய் பாதியில் நின்றுவிட்ட பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பதற்காக ஏற்பாடு செய்த கலைநிகழ்ச்சி. பனிமூட்டம் வராந்தா வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். அவள் புருஷன், பெயர் பாவாடை, எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். அவள் வழுக்கி விழும்போதெல்லாம் டின்னில் ஓர் அடி. மகள் கோகிலவாணி செல்ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆட்டம் பந்து. ஐந்து பந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே எறிந்து, "ஏக், துய், தீன், சார், பாஞ்ச்" என்று எண்ணிக்கொண்டே முன்பக்கம் குனிந்து, ஐந்தாவது பந்தைப் பிடரியில் ஏந்தி நிறுத்துவாள். ஐம்பத்திரண்டு வயதில் இப்போது முட்டி பிடிக்கிறது. ஆனால் பந்து தவறியதில்லை. பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள்.

குனிந்தபடியே அவள் முன் வரிசையைப் பார்த்தாள். சுவரோரம் கடைசியாக, முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு, சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சின்னப் பெண். எல்லாரும் சிரிக்க அது மட்டும் சிரிக்கவில்லை. ராணியம்மாள் நிமிர்ந்து பார்த்தபோது அங்கே சுவர்தான் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் இப்படித்தான். தலையை எண்ணினால் ஒன்று கூடுதலாக இருக்கும்.

சத்துணவு அம்மா சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு, கச்சிராயபாளையம் வழியாக இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது வெயில் சாயவில்லை.

கருணாபுரத்தில் அவர்கள் வீடு ஒரு ஷீட்டு வீடு. போன வருஷம் ஆனி மாதம் சாராயச் சாவு விழுந்தபோது எதிர்ச்சாரியில் மட்டும் மூன்று வீட்டில் மாலை போட்ட படம் ஏறியது. அதற்கப்புறம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்காக ராணியம்மாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஆடிக் காட்டுவாள். யாரும் கேட்டு அல்ல. சாவு வீட்டுப் பிள்ளைகள் முதல் தடவை சிரித்தபோது தாய்மார்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

அவள் இந்த ஊர்க்காரி இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். இடுங்கிய கண், சப்பை மூக்கு, வெயிலில் சிவக்கிற கன்னம். எட்டு வயதில் நேபாள மலையிலிருந்து ஒருத்தன் அழைத்து வந்து சர்க்கஸில் விட்டான். பத்து வருஷத்துக்கு என்று அவள் அப்பா கைநாட்டு வைத்தார். வீட்டில் கூப்பிட்ட பெயர் காஞ்சி. கடைக்குட்டிப் பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சர்க்கஸில் வேறு பல காஞ்சிகள் இருந்ததால் இவளை ராணி ஆக்கினார்கள். கள்ளக்குறிச்சிக்கு வந்தபின் ராணியம்மாள். "காஞ்சின்னா காஞ்சிபுரமா?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் அந்தப் பெயரைச் சொல்வதை அவளும் நிறுத்திவிட்டாள்.

சர்க்கஸில் பலகை ஆட்டம், கயிறு, சைக்கிள், அப்புறம் ஜோக்கர். சர்க்கஸை விட்டபின் தியாகதுருகத்து நாடக செட்டு ஒன்றில் சேர்ந்தாள். நிறமாக இருக்கிறாள் என்று ராஜகுமாரி வேஷம் கொடுத்தார்கள். தமிழ் வராததால் வசனம் கொடுக்கவில்லை. நான்கு வருஷம் ஊமை ராஜகுமாரியாக நின்று, மற்றவர்கள் வசனத்தையெல்லாம் நெட்டுருப் போட்டு, ஒருநாள் அரிச்சந்திரன் பெண்டாட்டி வேஷக்காரிக்குக் காய்ச்சல் வந்தபோது மேடையேறி முழுப் பாட்டையும் பாடினாள். அதிலிருந்து பத்து வருஷம் சந்திரமதி அவள்தான். மயானத்தில் பிள்ளையை மடியில் போட்டு அவள் அழுதால் ஜனம் விதியைச் சபித்து மண்ணை வாரித் தூற்றும். நாடகம் குறைந்த பிறகு மறுபடியும் மூக்கில் உருண்டையை மாட்டிக்கொண்டு பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா என்று போக ஆரம்பித்தாள்.

பந்தல்காரர் பாவாடையைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் அவள் சர்க்கஸை விட்டு இங்கேயே தங்கிவிட்டாள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கோகிலவாணியும் அதைத்தான் நம்பியிருந்தாள்.

மலைக்குப் போய்வந்த நாலாவது நாள், மத்தியானம், கோகிலவாணி செல்ஃபோனை நீட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். அந்த நேரத்தில் வருகிறவள் இல்லை.

"யம்மா, கரியாலூர்ல எடுத்தத போட்டன் இல்ல, ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டாங்க. அத வுடு. இதக் கேளு. ஒங்க ஊர்க்காரரு ஒருத்தரு மெசேஜ் போட்டுக்கிறாரு. சேலத்துல ஃபாஸ்ட் ஃபுட் மாஸ்டராம். பேசுனன். பத்து வருசமா இங்கயே கீறாராம், தமிழு நல்லா பேசுறாரு."

கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த ராணியம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எங்க ஊரே எனக்குத் தெரியாது. எவனோ சும்மா சொல்லிக்கினு கெடப்பான்."

"இல்லம்மா. அந்த அஞ்சாவது பந்த பிடரில நிறுத்துற இல்ல, அத வெச்சி கண்டுபுடிச்சாராம். சின்ன வயசுல அவரு ஊருக்கு ஒரு பொண்ணு வந்து ஆரஞ்சுப் பழத்துல அதே மாரி செஞ்சிச்சாம். அவரு அக்காவத் தேடுறாராம். சர்க்கஸ்ல இருந்தவங்களாம். ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்ல? பேரு கூட... இரு... பூல்மாயா."

ராணியம்மாள் கையிலிருந்த புளி நழுவிக் கிண்ணத்தில் விழுந்தது. வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்த பாவாடையின் கையும் நின்றது. கோகிலவாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா? தெரியுமா?"

"தெரியாது."

"யப்பா, ஒனக்கு?"

"அம்மாதான் தெரியாதுங்குது இல்ல" என்றார் பாவாடை. மறுபடியும் முறுக்கத் தொடங்கினார். கயிறு எதிர்ப்பக்கமாகப் பிரிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து ராணியம்மாள் சோற்றில் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். சின்னசேலத்தில் ஒரு பிறந்தநாளுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷீட்டு மேல் மழை விழுகிற சத்தம் அவளுக்கு சர்க்கஸ் கூடாரத்தில் ஜனம் கைதட்டுகிற மாதிரியே கேட்டது. துணி மடிக்கும்போது, பானை கழுவும்போது, வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தச் சிவப்பு ரிப்பன் உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் ஆட்டத்தில் மட்டும்தான் வரும். இப்போது வீட்டுக்கே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கோகிலவாணி வேலைக்குப் போனபின் பாவாடை அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அவரு ஞாயித்துக்கெழம வராராம். பாப்பா வரச் சொல்லிட்டுக்குது."

"தெரியும்."

"நீ எங்கனா போய்க்கினு வரதுன்னா போயிட்டு வா. நான் பேசி அனுப்பிட்றன்."

"இன்னான்னு பேசுவ?"

முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த விஷயத்தை இருவரும் இவ்வளவு தூரம் பேசியதே இல்லை.

"நான் எங்கயும் போவல" என்றாள் ராணியம்மாள். "வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவன் வந்தான். பெயர் தில்பகதூர். நாற்பது வயது இருக்கும். அடுப்பு எண்ணெய் தெறித்த தழும்புகள் முன்கை முழுக்க. ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ராணியம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மொழியில் ஏதோ கேட்டான். அவளுக்குப் பாதி புரிந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

"தமிழ்லயே பேசுப்பா. எனக்கு அது மறந்து போச்சி."

"சரிக்கா. நீங்கதானா வந்தது? எங்க ஊருக்கு? எனக்கு அஞ்சு வயசு. மார்கழி மாசம் மாதிரி, குளிர். சிவப்பு கவுன் போட்டு ஒரு பொண்ணு, ஒரு ஆளு. ஒரு மூட்டை ஆரஞ்சு."

கோகிலவாணி சிரித்தபடி காபி டம்ளரோடு வந்தாள். ராணியம்மாள் மகளைப் பார்த்தாள்.

"கோகிலா, அத வெச்சிட்டு இங்க குந்து. நீயும் கேட்டுக்கோ."

பிறகு அவனைப் பார்த்துச் சொன்னாள். "நான்தாம்பா."

கூடாரத்தில் பெண்கள் குறைந்துபோனபோது, அவளைச் சர்க்கஸில் விட்ட ஏஜெண்டு புதிய பிள்ளைகளைக் கொண்டுவரப் புறப்பட்டான். பதினேழு வயது ராணியையும் கூட அழைத்துப் போனான். உன் வீட்டைக் காட்டுகிறேன், உன் அம்மாவைப் பார்க்கலாம் என்று சொன்னதால் அவளும் துள்ளிக்கொண்டு கிளம்பினாள். வீட்டை அவன் காட்டவே இல்லை.

"மூணு ஊர்ல கேட்டுப் பாத்தான். ஒருத்தரும் புள்ளய குடுக்கல. நாலாவது ஊர்ல என்ன ஆடச் சொன்னான். ஆடுனன். புள்ளைங்க அப்பிடியே சுத்திக்கிச்சிங்க. ஒங்க அக்கா எங்கூடவே ஒட்டிக்கிச்சி. நீ எங்க போனாலும் வரன்னுச்சி. ஒங்க அம்மா என் கையப் புடிச்சிக்கினு, நல்லா பாத்துக்குவியான்னு கேட்டாங்க. பாத்துக்குவன்னு சொன்னன். என் நல்ல துணி, என் கன்னத்து சதை, அதப் பாத்துத்தான் அனுப்புனாங்க. அன்னிக்கு எனக்கு அது புள்ள புடிக்கிற வேலையின்னு கூட தெரியல. சந்தோசமா ஆடுனன்."

"இப்ப எங்க இருக்கா?"

"ரெண்டு வருசம் இருந்தா. அப்பறம் தியாகதுருகத்துல கேம்ப்பு போட்டாங்க. மஞ்சக்காமால. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்கன்னு கேட்டன். ஞாயித்துக்கெழம மூணு ஷோ, முடியட்டும்னுட்டாங்க. நான் எந்திரிச்சி வரப்போ, அக்கா, நம்ம வூட்டுக்கு எப்ப போவோம்னு கேட்டா. இந்த ஷோ முடிஞ்சதும்னு சொல்லிட்டு ஆடப் போயிட்டன். திரும்பி வந்தப்ப..."

தில்பகதூர் அப்போதுதான் உட்கார்ந்தான். நாற்காலியில் அல்ல, தரையில்.

"எங்ககிட்ட சர்க்கஸ்காரங்க, பொண்ணு ஒரு பையன்கூட ஓடிப்போச்சுன்னு சொன்னாங்க" என்றான். "ஒம்பது வயசு பொண்ணு. எந்தப் பையன்கூட ஓடும்? எங்க அம்மா நம்பல. அப்பா பார்டர் வரைக்கும் தேடிப் போயி, உடம்பு சரியில்லாம வந்து செத்துட்டாரு. அம்மா இன்னும் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட மாட்டாங்க. அவ வந்தா தட்டத் தெரியாதுன்னு."

காபியில் ஆடை படிந்திருந்தது. கோகிலவாணி அம்மாவைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப யப்பாவுக்காக நீ இங்க தங்கல" என்றாள் கடைசியில்.

"சர்க்கஸ் லாரி சேலத்துக்குக் கெளம்பிச்சி. நான் ஏறல. அவள வுட்டுட்டு எப்பிடி ஏறது? கூடாரத்துக்குக் கூலி வந்து, குழியும் தோண்டுன ஆளு ஒருத்தர்தான் ஊர்ல இருந்தாரு. எடம் எங்கன்னு அவரக் கேட்டன். கைய நீட்டிக் காட்டுனாரு. ஒங்க அப்பன்தான்."

தில்பகதூர் எழுந்தான். "எனக்கு அந்த எடம் பாக்கணும்."

பஸ்ஸில் நான்கு பேரும் நான்கு இடத்தில் உட்கார்ந்து போனார்கள். தியாகதுருகத்தில் இறங்கி, கோட்டை மலையை வலப்பக்கம் விட்டு, ஏரிக்கரை மேல் நடந்தார்கள். மழைக்கு ஏரி முக்கால் நிரம்பியிருந்தது. கரையில் சீமைக்கருவேலம் அடர்ந்து வழி மறித்தது. பாவாடை முன்னால் போய்க் கிளைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். மதகுக்குப் பத்தடி இந்தப் பக்கம் நின்றார்.

"இங்கதான்."

ஒன்றுமே இல்லை. கோரைப்புல்லும் ஈர மண்ணும். தில்பகதூர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தினான். புல்லை விலக்கி மண்ணில் உள்ளங்கையை வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை. தண்ணீரில் நாரைகள் அசையாமல் நின்றன.

"யாரு இருந்தாங்க?" என்று திரும்பாமலே கேட்டான். "அவ போறப்ப. பக்கத்துல யாரு?"

இந்தக் கேள்வி வரும் என்று ராணியம்மாளுக்குத் தெரியும். இதற்குப் பொய் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாக நினைத்திருந்தாள். என் மடியில்தான் போனாள் என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? மேடையில் எத்தனை தடவை மடியில் பிள்ளையைப் போட்டு அழுதிருக்கிறாள்.

"யாருமில்லப்பா" என்றாள். "தனியாத்தான் போனா. நான் உள்ள ஜனத்த சிரிக்க வெச்சிக்கினு இருந்தன்."

"தனியா இல்ல" என்றார் பாவாடை.

மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இருந்தன். ரெண்டாவது ஷோ நடந்துக்கினு இருந்திச்சி. காத்து ஜாஸ்தி. பின்னால பொம்பளைங்க டெண்ட்டுல முளை புடுங்கிக்கிச்சின்னு அடிக்கப் போனன். உள்ளருந்து சத்தம் கேட்டுச்சி. எட்டிப் பாத்தா இந்தப் புள்ள. கண்ணெல்லாம் மஞ்சளா கெடக்குது."

"யோவ்" என்றாள் ராணியம்மாள்.

"தண்ணி வேணுமான்னு கேட்டன். ஆமான்னுச்சி. குடுத்தன், குடிக்கல. வயிறு வலிக்குதான்னன். ஆமான்னுச்சி. இன்னா கேட்டாலும் ஆமா, ஆமான்னுதான் சொல்லிச்சி. என் கையப் புடிச்சிக்கிச்சி. எனக்கு முளை அடிக்கிற வேலை கெடக்குது, மேஸ்திரி திட்டுவாரு. நான் போவட்டுமான்னு கேட்டன். அதுக்கும் ஆமான்னுச்சி. ஆனா கைய வுடல. சரின்னு குந்திட்டன். உள்ள பேண்டு வாசிச்சிக்கினே இருந்தாங்க. பேண்டு நிக்கறதுக்குள்ள கை தளந்து போச்சி."

ராணியம்மாள் அவர் சட்டையைப் பிடித்தாள். "முப்பது வருசமா கூடப் படுத்து எந்திரிக்கிறன். ஏன்யா எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்த. அவ தனியா போயிட்டான்னு நான் செத்து செத்துப் பொழைக்கறது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் இன்னா?"

பாவாடை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்காவ இட்டுக்கினு வரட்டுமான்னு கேட்டன். அதுக்கும் ஆமான்னுச்சி. ரெண்டு மூணு தடவ சொல்லிச்சி. ஆமா, ஆமான்னு. நீ முப்பதடி தூரத்துல இருக்கற. நான் எந்திரிச்சி வந்து கூப்புடல. ஷோ நடக்குது, நடுவுல போனா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயந்துக்கினு குந்தியிருந்தன். அந்தப் புள்ள கேட்டுச்சி, நான் ஒன்ன இட்டாரல. இத ஒங்கிட்ட எப்பிடி சொல்றது?"

ராணியம்மாள் சட்டையை விட்டாள். மண்ணில் குந்தியிருந்த தில்பகதூரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் கண் நிறைந்திருந்தது. பாவாடைக்கும் கோகிலவாணிக்கும் எதுவும் விளங்கவில்லை.

அவன் பையிலிருந்து செல்ஃபோனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டான். மணி வெகுநேரம் அடித்தது. அந்தப் பக்கம் யாரோ எடுத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா..." என்றான். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும், "ஆமா" என்றான்.

பாவாடை திகைத்துப் போய் ராணியம்மாளைக் கேட்டார். "யாரு பேசுறது? எதுக்கு ஆமாங்கறாரு?"

"அவங்க அம்மாகிட்ட பேசுறான்."

"அதுக்கு?"

"எங்க பாஷயில ஆமான்னா அம்மா" என்றாள் ராணியம்மாள். "அவ ஒனக்கு பதில் சொல்லலய்யா. அம்மாவக் கூப்புட்டுக்கினு இருந்திருக்கா."

பாவாடை அப்படியே கரைமேல் உட்கார்ந்துவிட்டார். வலது கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். கோகிலவாணி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தில்பகதூர் நீளமாகப் பேசினான். நடுநடுவே ராணியம்மாளுக்குச் சில சொற்கள் பிடிபட்டன. மஞ்சள். தண்ணீர். மண். அந்தப் பக்கத்திலிருந்து அழுகை எதுவும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் இரைந்தது. பிறகு அவன் காஞ்சி என்று ஒரு தடவை சொன்னான். அன்று அந்த ஊரில் அவள் சொன்ன பெயர் அது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூப்பிட்டால் ஃபோனை வாங்கிக்கொள்ள ஓரடி முன்னால் வந்து நின்றாள். இந்த நாளுக்காக என்னென்னவோ வார்த்தைகளை அவள் முப்பத்திரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள். எந்த மொழியில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பக்கம் கிழவி ஏதோ சொன்னாள். தில்பகதூர் ராணியம்மாளைப் பார்த்தான், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"உங்ககிட்ட இப்ப பேச முடியாதாம்க்கா. அப்புறமா எப்பவாவது பாக்கலாமாம். கைய புடிச்சிட்டு இருந்தாரே, அவருகிட்ட குடுக்கச் சொல்றாங்க."

ராணியம்மாள் தலையை ஆட்டினாள். ஓரடி பின்னால் போனாள்.

பாவாடை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் ஃபோனை வாங்கினார். மெலிந்த, தூரத்துக் குரல் ஒன்று, நிறுத்தி நிறுத்தி, அவரிடம் ஏதோ கேட்டது. ஒரு சொல்லும் அவருக்குப் புரியவில்லை. குரல் முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஆமா" என்றார்.